படகுக்குப் பின்னால் இருந்த காற்று

என் அக்கா மகன் நீச்சல் பழகியது கிணற்றில். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணறு. எங்கள் காலத்தில் முதுகில் சுரைப்புருடையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். அவனுக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். பத்து வயதில் கேனைக் கழற்றி எறிந்துவிட்டான். பதின்மூன்று வயதில் மோட்டார் ரூம் மேலிருந்து தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தான். அந்த வருட விடுமுறைக்கு அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் எங்களிடம் வந்தபோது, லேக் பவலுக்குப் போகிறோம், மூன்று நாள் படகிலேயே தங்கப்போகிறோம் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். "தண்ணிக்கெல்லாம் பயப்படாத கண்ணு, அவன் மீனாட்ட நீந்துவான்" என்றாள். அது உண்மைதான். அந்த மூன்று நாளில் அவனுக்கு வந்த ஆபத்து தண்ணீரிலிருந்து வரவில்லை.

லேக் பவல் இயற்கையான ஏரி இல்லை. அரிசோனாவும் யூட்டாவும் சந்திக்கும் இடத்தில் கொலராடோ ஆற்றின் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணைக்குப் பின்னால், 1963இல் தேங்கத் தொடங்கிய தண்ணீர். முதன்முறை நிரம்புவதற்கு 17 வருடம் ஆயிற்று. செங்குத்தான சிவப்பு மணற்பாறைகளுக்கு நடுவே விரல் விரலாகப் பிரிந்து கிடக்கும். ஒவ்வொரு விரலும் ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் பாலைவனம், கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில், நடுவில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அங்கே படகுவீட்டை நிறுத்தும் முறையை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. நங்கூரத்தைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. மணல் திட்டுள்ள ஒரு சின்ன வளைவாகப் பார்த்து, படகின் மூக்கை மெல்லக் கரையில் ஏற்றிவிடுவார்கள். பின்பக்க மூலைகளிலிருந்து இரண்டு பக்கமும் நீளமான கயிறு இழுத்து, நங்கூரங்களைக் கரை மணலில் குழி தோண்டிப் புதைப்பார்கள். ஆக, முன்பக்கம் மணலில், பின்பக்கம் தண்ணீரில். பின்பக்கத்தில்தான் ஏணி, மேல்தளத்திலிருந்து இறங்கும் சறுக்குப் பலகை, தண்ணீர் மட்டத்தை ஒட்டி உட்கார்ந்து காலை நனைக்க ஒரு அகலமான பலகைத் தளம். குழந்தைகள் நாள் முழுக்க அங்கேதான். பெரும்பாலான படகுகளில் எஞ்சினும் ஜெனரேட்டரும் அதே பின்பக்கத்தில்தான் இருக்கின்றன.

நாங்கள் நான்கு குடும்பம். ஒரு நண்பரின் அலுவலகத்தில் சிலர் பங்கு போட்டு வைத்திருந்த பழைய படகு அது. ஜூன் முதல் வாரம். இரண்டாம் நாள் மத்தியானம் வெயில் தாங்க முடியவில்லை. என் மாமியாரும் இன்னொரு குடும்பத்துக் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள், ஏசி வேண்டும். ரைஸ் குக்கர் வேறு. ஜெனரேட்டரைப் போட்டோம். நாங்கள் நின்ற வளைவுக்கு மூன்று பக்கமும் உயரமான பாறைச் சுவர். காற்று சுத்தமாக இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. "நீந்துறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா" என்று நானே சொன்னது ஞாபகம் இருக்கிறது.

பையன் சறுக்கி விழுவான், நீந்தி வந்து பலகையின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குவான், மூச்சு வாங்குவான், ஏணியில் ஏறுவான், மறுபடி சறுக்குவான். நண்பரின் பெண் அதே பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் இருக்கும். பிறகு அவன் மேலே வந்து, "சித்தி, தலை வலிக்குது" என்றான். வெயில் என்றேன். மோர் கொடுத்தேன். குடித்த ஐந்தாவது நிமிடம் அப்படியே வாந்தி எடுத்தான். கால் தள்ளாடியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணும் வந்து, தனக்கும் தலை வலிக்கிறது என்று அவள் அம்மா மடியில் படுத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த தவற்றை அப்படியே எழுதுகிறேன். கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒருவர் பையில் இருந்தது. பையன் விரலில் மாட்டிப் பார்த்தோம். 98 காட்டியது. பெண்ணுக்கு 99. எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, வெறும் வெயில்தான், தண்ணீர் பத்தாமல் போயிருக்கும் என்று முடிவுகட்டினோம். "உடம்பெல்லாம் சுடுது சித்தி, தண்ணியில கொஞ்ச நேரம் சும்மா மிதந்துட்டு வந்துரட்டுமா" என்று அவன் கேட்டான். நான் சரி என்று சொல்லப்போனேன். சொல்லியிருந்தால், மயக்கம் வந்து அமிழ்ந்திருப்பான். கையைக் கூட ஆட்டியிருக்க மாட்டான்.

அதற்குள் அதே வளைவின் மறுகோடியில் நின்ற படகிலிருந்து ஒரு பெரியவர் மணல் வழியாக நடந்து வந்தார். முப்பது வருடமாக அந்த ஏரிக்கு வருகிறவராம். பையன் வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றோம். முதலில் அதை நிறுத்துங்கள், தண்ணீரில் இருக்கிற எல்லோரையும் வெளியே எடுங்கள், குழந்தைகளைக் கரையில் தூரமாகக் கொண்டுபோய் உட்கார வையுங்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியே கூப்பிடுங்கள் என்று மடமடவென்று சொன்னார். பிறகு தன் படகுக்கு ஓடிப்போய் ரேடியோவில் 16ஆம் சேனலில், அந்த ஏரியை உள்ளடக்கிய பூங்காவின் ரேஞ்சர்களைக் கூப்பிட்டார். அந்தப் பள்ளத்தாக்குக்குள் செல்போன் சிக்னல் கிடையாது.

ரேஞ்சர் படகு வந்து இருவருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்துக் கரைக்கு அழைத்துப்போனார்கள். அங்கிருந்து பேஜ் ஊர் மருத்துவமனை. ரத்தப் பரிசோதனையில் பையனுக்கு 19 சதவீதம், பெண்ணுக்கு 11. புகைபிடிக்காத ஒருவருக்கு இது ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எத்தனை சதவீதம் என்பது எதனுடைய சதவீதம் என்று அன்றிரவு அந்த மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே போனால் அதே ஹீமோகுளோபினில், ஆக்சிஜன் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். பையனின் ஹீமோகுளோபினில் ஐந்தில் ஒரு பங்கு இப்படி அடைபட்டுக் கிடந்தது. மிச்சமிருக்கிற ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் இறக்கிவிடாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் இது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதற்குத்தான் அந்த முகமூடி.

அப்புறம் அந்த ஆக்சிமீட்டர். இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. விரலில் மாட்டும் கருவி, இரண்டு வகை ஒளியை ரத்தத்தின் வழியாக அனுப்பி அதன் நிறத்தைத்தான் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பு. கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். ரத்தம் விஷமேறிக் கிடந்தாலும் எல்லாம் சரியாக இருப்பது போன்ற எண்ணைக் காட்டக்கூடும். கொரோனாவுக்குப் பிறகு நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புகை சம்பந்தப்பட்ட மயக்கத்தில் அந்த எண்ணை நம்பாதீர்கள். மூடிய அறையில் கரி அடுப்பு, கடைக்குள் ஓடிய ஜெனரேட்டர், எதுவானாலும் சரி. மருத்துவரிடம் "புகையில் இருந்தார்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தத்தை எடுத்து இதற்கென்றே பார்த்தால்தான் தெரியும்.

திறந்தவெளியில் எப்படி இப்படி நடக்கும் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மூடிய காரேஜில் கார் ஓடினால் ஆபத்து என்று தெரியும். ஆனால் தலைக்கு மேல் வானம், சுற்றிலும் ஏரி. திரும்பி வந்த பிறகு வாரக்கணக்கில் தேடிப் படித்தேன். நாங்கள் போன அதே ஏரிதான் இந்த விஷயத்தை உலகத்துக்குச் சொல்லியிருக்கிறது, இரண்டு குழந்தைகளின் உயிரைக் கொடுத்து.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். 8 வயதும் 11 வயதுமான அண்ணன் தம்பி, குடும்பத்தோடு படகுவீட்டில் வந்தவர்கள். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில், பின்பக்கத்து நீச்சல் பலகைக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி இடம் இருக்கும். மேலே பலகை, பக்கவாட்டில் படகின் உடம்பு, கீழே தண்ணீர், நடுவில் கொஞ்சம் காற்று. ஜெனரேட்டரின் புகைக்குழாயை அந்தப் பொந்துக்குள்ளேயே திறந்துவிட்டிருந்தார்கள். புகையைத் தண்ணீரோடு கலந்து வெளியேற்றுவதால் சத்தமும் குறைவு, வாசமும் குறைவு, கண்ணுக்கும் தெரியாது. அதை வடிவமைத்தவர்களுக்கு அது சௌகரியமாகப் பட்டிருக்கும். அந்த இரண்டு பையன்களும் விளையாட்டாக அந்தப் பொந்துக்குள் நீந்திப் போனார்கள். எந்தப் பையன்தான் போகமாட்டான்? ஒருவன் ஓரிரண்டு நிமிடத்தில் நினைவிழந்தான், இன்னொருவனுக்கு வலிப்பு கண்டது. இரண்டு பேரும் அமிழ்ந்துபோனார்கள். பரிசோதனையில் அவர்கள் ஹீமோகுளோபினில் பாதிக்கும் மேல் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தது.

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், அதற்குப் பிறகு அந்த ஏரிக்கே வந்து அப்படிப்பட்ட படகுகளில் அளந்து பார்த்தது. அந்தப் பொந்துக்குள் பத்து லட்சத்துக்கு 30,000 பங்கு வரை கார்பன் மோனாக்சைடு. அதே நிறுவனம், உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று வைத்திருக்கும் எல்லை 1,200. இருபத்தைந்து மடங்கு. வேறு எந்த எண் மறந்தாலும் எனக்கு இது மறக்காது.

அந்தப் பூங்காவின் மருத்துவ ஆலோசகராக இருந்த ராபர்ட் பேரன் என்ற அவசர சிகிச்சை மருத்துவர், பழைய அவசர அழைப்புப் பதிவேடுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். 1990 முதல் 2000 வரை அந்த ஒரே ஏரியில் படகுகளால் கார்பன் மோனாக்சைடு ஏறியவர்கள் 111 பேர். அதில் 74 பேர் படகுவீடுகளில். அவர்களில் 64 பேருக்குக் காரணம் ஜெனரேட்டர் புகை மட்டுமே. நியோஷின் ஜேன் மெக்காமனும் அவருமாக நாடு முழுக்க இப்படிப்பட்ட சம்பவங்களைத் தேட ஆரம்பித்ததும் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. அவ்வளவு காலம் இது எப்படி வெளியே தெரியாமல் இருந்தது? தண்ணீரில் மயங்கியவர் மூழ்குகிறார். உடல் தண்ணீரில் கிடைக்கிறது. நீரில் மூழ்கிச் சாவு என்று எழுதிவிடுகிறார்கள். ரத்தத்தை இதற்கென்று சோதிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர் எப்படி மூழ்கினார் என்று குடும்பத்துக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் போகும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். மீன் மாதிரி நீந்துவான் என்று சொன்ன என் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

2001இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, பொந்துக்குள் புகைவிடும் படகுகளை உற்பத்தியாளர்களே திரும்ப அழைத்துச் சரிசெய்யும்படி செய்தது. புகைக்குழாயை மேல்தளத்தின் கூரைக்கும் மேலே உயர்த்திவிட்டால் பின்பக்கத்தில் விஷம் வெகுவாகக் குறைகிறது என்று நியோஷ் அளந்து காட்டியது. பின்னாளில் கார்பன் மோனாக்சைடைப் பெருமளவு குறைக்கும் ஜெனரேட்டர்களும் வந்தன. எங்கள் படகில் பொந்து இல்லை. ஆனால் புகைக்குழாய் பின்மூலையில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில் திறந்தது. காற்றடிக்கும் நாளில் ஒருவேளை அடித்துக்கொண்டு போயிருக்கும். மூன்று பக்கம் பாறை, அசையாத காற்று, தண்ணீரை ஒட்டித் தேங்கிய புகை. அதில்தான் அவன் மூக்கு இருந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒன்றுமே இல்லை. பத்தடி உயரம்தான் வித்தியாசம். ஓடியாடிச் சறுக்கி மூச்சு வாங்க வாங்க இன்னும் அதிகமாக உள்ளே இழுத்திருக்கிறான். "மோட்டார் வாசம் கொஞ்சமா வந்துச்சு சித்தி, நம்ம ஆயில் எஞ்சின் அளவுக்கெல்லாம் இல்ல" என்று பிறகு சொன்னான்.

படகுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தது. வேலையும் செய்தது. அது படுக்கையறைச் சுவரில் இருந்தது, பையன் இருந்தது வெளியே தண்ணீரில். அலாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை, உள்ளே தூங்குகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். நீந்துகிறவரை அது காப்பாற்றாது.

இப்போது எங்கள் கூட்டத்தில் ஒரே சட்டம். ஜெனரேட்டர் ஓடினால் தண்ணீரில் ஒருவரும் இல்லை. தண்ணீரில் ஒருவர் இருந்தாலும் ஜெனரேட்டர் ஓடாது. "தள்ளிப் போய் நீந்துங்கள்", "முன்பக்கம் போங்கள்" என்ற சமரசமெல்லாம் கிடையாது. குழந்தை எங்கே போனாலும் ஏணிக்குத் திரும்பி வந்துதானே ஆகவேண்டும். எஞ்சினும் அப்படித்தான். எஞ்சின் சாவி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கையில் இருக்கும். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் திருக முடியாது. புகை ஒரு பக்கம் என்றால், பின்பக்கத்தில் தண்ணீருக்குள் படகைத் தள்ளும் விசிறி சுற்றும் என்பது இன்னொரு பக்கம்.

நிறுத்திய உடனே குதிக்கக் கூடாது. காற்றில்லாத வளைவில், பலகைக்கு அடியில், புகை அப்படியே நிற்கும். நாங்கள் அரை மணி நேரம் விடுகிறோம். இது நாங்களாக வைத்துக்கொண்ட கணக்கு, ஆனால் இதைக் குறைக்க நான் விடமாட்டேன். பலகைக்கு அடியில் போவது எப்போதுமே கூடாது, எஞ்சின் ஒரு வாரமாக ஓடாமல் இருந்தாலும் கூடாது. பழக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் பிறகு எந்தப் படகு, எந்த நேரம் என்று குழந்தை யோசிக்காது.

பக்கத்துப் படகை மறந்துவிடக் கூடாது. நம்முடையதை நிறுத்திவிட்டோம், ஆனால் இரண்டடி தள்ளி நிற்கிறவர் ஏசி போட்டிருப்பார். ஓடுகிற ஜெனரேட்டரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறது கடலோரக் காவல்படை. வரிசையாகப் படகுகளைக் கட்டிக்கொண்டு கொண்டாடுவது இங்கே பெரிய வழக்கம். அதே கொலராடோ ஆற்றில் கீழே, லண்டனிலிருந்து பழைய பாலத்தை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் லேக் ஹவாசு ஊரில், பாலத்தடியில் ஓடும் குறுகலான கால்வாயில் விடுமுறை நாள்களில் நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கியடித்து நிற்கும். வானம் பார்த்த அந்த இடத்திலேயே மக்களுக்கு விஷம் ஏறியிருக்கிறது. ஓடும் படகின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அலையில் இழுபடுகிற ஒரு விளையாட்டும் இருந்தது. புகைக்குழாய்க்கு நேராக முகம். 2005 முதல் கலிபோர்னியாவில் அதற்குச் சட்டப்படியே தடை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படகுத்துறையில் கரை மின்சாரம் இணைத்த படகுகளைச் சுற்றி நீந்தவே கூடாது. ஒயரில் கசிவு இருந்தால் நன்னீரில் அது மனித உடம்பைத் தேடி வரும், தசைகள் மரத்துப்போய் நீந்த முடியாமல் ஆகிவிடும். நடு ஏரியில் ஜெனரேட்டர் மட்டும் ஓடும்போது இந்த ஆபத்து அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் நிறுத்திவிட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடுகிறது.

வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். என் மாமியாரே கேட்டார். காலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை போடுகிறோம். அப்போது சமையல், பேட்டரி சார்ஜ், ஐஸ் எல்லாம் முடிந்துவிடும், எல்லோரும் கரையில் நடக்கப் போயிருப்போம். மத்தியானம் வேண்டுமானால் குழந்தைகளை வெளியே எடுத்து, துடைத்து, மணலிலோ முன்தளத்திலோ உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு ஒரு மணி நேரம் போடலாம். புழுக்கம் இருக்கத்தான் செய்யும். ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் என்றால், வெயில் என்று சொல்வதற்கு முன் புகையை நினைக்க வேண்டும். நான் மோர் கொடுத்ததில் போன இருபது நிமிடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அம்மா வேறொரு கதை சொன்னாள். எங்கள் பக்கத்தில் கிணறுகள் ஆழம். மேலே வைத்த பம்பு ஏழு மீட்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சாது. அதனால் கோடையில் தண்ணீர் இறங்க இறங்க ஆயில் எஞ்சினையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். அப்படி இறக்கி ஓடவிட்டுவிட்டு, நின்றுபோனதே என்று பார்க்க இறங்கியவர்கள் மேலே வராமல் போனதும், அவர்களைத் தூக்க இறங்கியவர்களும் சேர்ந்து போனதும் ஊருக்கு ஊர் உண்டு. அம்மாவின் அப்பா, என் அப்பிச்சி, எஞ்சின் வைத்த கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விடுவாராம். வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் ஆட்டிக் காற்றைக் கலைப்பாராம். விளக்கு அணையாமல் இருந்தால் இறங்குவாராம்.

அப்பிச்சியின் கவனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் விளக்கு ஆக்சிஜன் குறைந்திருப்பதை மட்டும்தான் காட்டும். இருபத்தொன்றில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பதினாறு வாக்கில் இறங்கினால்தான் அது அணையும். ஆளை மயக்கும் அளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிற காற்றில் விளக்கு நிம்மதியாக எரியும். எங்கள் ஆக்சிமீட்டரும் அந்த அரிக்கேன் விளக்கும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. டீசல் எஞ்சினில் இது பெட்ரோலைவிடக் குறைவு, இல்லாமல் இல்லை. இப்போதோ எல்லோரிடமும் கையால் தூக்கும் சின்னப் பெட்ரோல் பம்பு வந்துவிட்டது. அதைக் கிணற்றுக்குள் இறக்குவது எனக்கு லேக் பவலின் அந்தப் பொந்தைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

அடுத்த வருடம் சித்திரையில் கோயில் விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிணறு வற்றித் தூர் வாரும் வேலை. அடியில் இடுப்பளவு தண்ணீர், அதை இறைத்தால்தான் ஆள் சேற்றை அள்ள முடியும். மாமா ஒரு பெட்ரோல் பம்பை வாடகைக்கு எடுத்துவந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ஆள் உள்ளே இறங்கத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். பையன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். பதினாலு வயது, மீசை அரும்புகிற குரல்.

"அப்பா, எஞ்சின உள்ள எறக்காதீங்க."

"அரை மணி நேரம்டா. மேலதான் தொறந்து கெடக்குதே."

"ஏரியும் தொறந்துதானுங்கப்பா கெடந்துச்சு."

மாமா கயிற்றைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் முடிச்சை அவிழ்த்தார். டவுனுக்கு ஆள் போய் தண்ணீரில் மூழ்கி ஓடும் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தான். கேபிளை இழுத்து ஸ்டார்ட்டரில் மாட்டி, மோட்டாரை இறக்கி, எல்லாம் தயார் செய்த பிறகு பார்த்தால் த்ரீ ஃபேஸ் இல்லை. தென்னை நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். அக்கா இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மூன்றே காலுக்குத்தான் கரண்ட் வந்தது.